அதிகாரம் 4: தேத்தண்ணியில் முறியும் விரதம்

வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற ஒரு யாழ்ப்பாண வீட்டை மணிக்கூட்டோடு வைத்துப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழும்பி, முழுகி, சுவாமி கும்பிட்டதும் ஒரு பால்தேத்தண்ணி. அது சாப்பாடு இல்லை, ஆகவே கணக்கில் வராது. பத்து மணிக்கு இன்னொன்று, அதுவும் வராது. ஒரு மணிக்குக் கோயிலால் வந்து வாழையிலையில் ஒரு நேரச் சாப்பாடு: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய், பாயாசம். காலையும் இரவும் விடுகிறோம் என்ற நினைப்பில் சோறு இரண்டாந்தரமும் இலையில் விழும். நாலு மணிக்குத் தேத்தண்ணியும் கோயில் வடையும். இரவு பசித்தால், "சோறுதானே கூடாது" என்று நாலு தோசை, அல்லது இடியப்பமும் சொதியும். கை கழுவும்போது ஒன்பதரை.

இந்த நாளில் உடம்பு உண்மையாகவே ஒன்றும் உள்ளே போகாமல் இருந்தது இரவு ஒன்பதரையிலிருந்து அடுத்த நாள் காலைத் தேத்தண்ணி வரைக்குந்தான். எட்டு மணித்தியாலம். விரதமில்லாத வியாழக்கிழமையிலும் அதே எட்டுத்தான். பக்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விரதத்தின் புண்ணியம் சுவாமிக்கும் பிடிப்பவருக்கும் இடையிலான கணக்கு. உடம்பு தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதில் தேத்தண்ணியும் எழுதப்படும்.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இந்த இரண்டாவது கணக்கையும் ஓரளவு தெரிந்தவர் என்றே எனக்குப் படுகிறது. சைவ வினாவிடையில் சிவராத்திரி விரதத்துக்கு அவர் ஒரு தரவரிசை தருகிறார். ஒன்றும் உண்ணாதிருப்பது முதல் தரம். தண்ணீரோ பாலோ குடிப்பது அடுத்தது. பழம் சாப்பிடுவது அதற்கும் கீழ். தோசை முதலான பணிகாரம் சாப்பிடுவது கடைசியிலும் கடைசி. மாவும் எண்ணெயும் பழத்துக்குக் கீழே போய் நிற்கின்றன. இன்றைக்கு ஓர் உணவியலாளரிடம் கேட்டாலும் வரிசை பெரிதாக மாறாது. அதே நூலில் கந்தசட்டிக்கு அவர் சலுகையும் வைத்திருக்கிறார்: ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்டு, சட்டியன்று மட்டும் உபவாசம் இருக்கலாம். இயலாதவருக்கு வழி விட்டே அவர் விதி எழுதியிருக்கிறார். இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது அதை மறக்கவேண்டாம்.

யூரியூப்பில் இப்போது இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று பேசப்படுவது எங்கள் விரதத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு நாளின் 24 மணித்தியாலத்தில் 16 மணித்தியாலம் சாப்பிடாமல் மிச்சம் எட்டுக்குள் சாப்பாட்டை முடிப்பது ஒரு வகை. கிழமையில் இரண்டு நாள் மிகக் குறைவாகவும் ஐந்து நாள் வழமைபோலவும் சாப்பிடுவது இன்னொரு வகை. 2012 இல் மைக்கல் மோஸ்லி பிபிசியில் செய்த நிகழ்ச்சியால் அது உலகமெங்கும் பரவியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. இந்த நூலில் முதல் வகையை, அதையும் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஏற்றபடி தளர்த்தி, நேர விரதம் என்று சொல்கிறேன்.

உடம்பு எப்போது விரதத்துக்குள் போகிறது

சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி ஏறும். அதைக் கலங்களுக்குள் தள்ள இன்சுலின் சுரக்கும். இன்சுலின் உயர்ந்திருக்கும் நேரமெல்லாம் உடம்பு சேமித்து வைக்கிற வேலையிலேயே இருக்கும், கொழுப்பை எடுத்துச் செலவழிக்காது. சமிபாடு முடிந்தபின் ஈரலில் கிளைக்கோஜனாகக் கிடக்கும் சுமார் 100 கிராம் மாச்சத்திலிருந்து சீனி மெல்ல மெல்ல வெளியே வரும். கடைசி வாய் சாப்பாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மணித்தியாலமாகும்போது அந்தக் கையிருப்பு இறங்கி, கொழுப்பு கரையும் பங்கு கூடத் தொடங்கும். ஆளுக்காள், வேலைக்கு வேலை இது மாறும். இரவு பிட்டை ஒரு பிடி பிடித்தவருக்கும், ஏழு மணிக்கு அளவாகச் சாப்பிட்டவருக்கும் ஒரே நேரத்தில் இது நடக்காது.

காலை ஐந்தரை மணிச் சீனித் தேத்தண்ணி சரியாக இந்த வாசலில் வந்து மறிக்கிறது. இரவு முழுக்கக் காத்திருந்து உடம்பு கதவைத் திறக்கப்போகும் நேரத்தில் இரண்டு கரண்டிச் சீனியும் பால்மாவும் உள்ளே போனால், இன்சுலின் மறுபடி ஏறும், கதவு சாத்தப்படும்.

இதற்கு மேல் நடப்பதாகச் சொல்லப்படுபவற்றில் நிதானம் வேண்டும். கலங்கள் தம் கழிவுகளைத் தாமே தின்று சுத்தமாகும் முறையை விளக்கியதற்காக யப்பானிய விஞ்ஞானி யொஷினொரி ஓசுமிக்கு 2016 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைக் கண்டுபிடித்தது ஈஸ்ற் என்ற நொதியத்தில். மனிதர் பதினாறு மணித்தியாலம் சாப்பிடாவிட்டால் புற்றுநோய் கரையும், இளமை திரும்பும் என்று அதிலிருந்து பாய்ந்து சொல்பவர்களை நம்பவேண்டாம்.

மனிதரில் செய்த ஆய்வுகள் இன்னும் அடக்கமாகப் பேசுகின்றன. அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 கிழமை செய்து 2020 இல் வெளியான ஆய்வில், மத்தியானம் தொடங்கி இரவு எட்டு மணி வரை மட்டும் சாப்பிட்டவர்கள் மூன்று நேரமும் சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மெலியவில்லை. குறைந்த கொஞ்ச எடையிலும் பெரும்பங்கு தசையாக இருந்தது. சீனாவின் குவாங்சோவில் 139 பருமனான ஆட்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில் எல்லாருக்கும் சாப்பாட்டு அளவு குறைக்கப்பட்டது; ஒரு பகுதியினர் காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு மணிக்குள் சாப்பிட்டார்கள். இரு பகுதியினருக்கும் எடை குறைந்தது, இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. மறுபக்கம், நீரிழிவின் விளிம்பில் நின்ற எட்டு ஆண்களை வைத்து 2018 இல் வெளியான சின்ன ஆய்வொன்று உண்டு. அவர்கள் ஐந்து கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் அன்றன்றைய சாப்பாட்டை முடித்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, இரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே எட்டுப் பேர் என்பதால் அதைப் பெரிதாகக் கொண்டாடவும் முடியாது.

இவற்றை வைத்து நான் எடுக்கும் முடிவு இது. நேரம் என்பது ஒரு கிடுகு வேலி. வேலி பயிரை வளர்க்காது. ஆடு உள்ளே வராமல் பார்க்கும். பத்து மணிக்கு மிக்சர் பைக்கற்றைப் பிரிக்கும் கையை அது தடுக்கும். உள்ளே என்ன விளைகிறது என்பது நீங்கள் சாப்பாட்டுக்கென்று விட்ட பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. வேலியை எந்தப் பக்கம் போடுவது என்றால், காலைச் சாப்பாட்டை வெட்டுவதிலும் இராச் சாப்பாட்டை முன்னுக்கு எடுப்பதே நல்லது.

முதலில் கிளினிக் கொப்பி

2018–19 இல் நாடளாவிய ரீதியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. ஆகவே இந்த நூலைக் கையில் வைத்திருப்பவர்களிலும் பலர் மாதா மாதம் கிளினிக் போகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். தொடங்குமுன் கொப்பியைத் திறந்து என்ன குளிசை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்சுலின் ஊசி, அல்லது கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், கிளிமெபிரைட் என்ற பெயர்களில் ஏதும் இருந்தால், வைத்தியரிடம் கேட்காமல் ஒரு நேரச் சாப்பாட்டையும் தள்ளவேண்டாம். இந்தக் குளிசைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு நீண்ட பட்டினியில் வேறொரு ஆபத்து உண்டு: சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு அபாயம் குறைவு, ஆனாலும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிரஷருக்கு நீர் போகச்செய்யும் குளிசை எடுப்பவர்கள் தண்ணீர் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றி விழுவார்கள்.

நோன்பு தொடங்குமுன் குளிசை நேரத்தை மாற்றித்தரும்படி வைத்தியரிடம் போகும் வழக்கம் முஸ்லிம் நோயாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ரமழானில் நீரிழிவுள்ளோர் நடந்துகொள்ளவேண்டிய முறைக்கு சர்வதேச வழிகாட்டல்களே இருக்கின்றன. சைவர்களில் பலர் கந்தசட்டிக்கு ஒருவரிடமும் சொல்லாமல் தாங்களே குளிசையை நிற்பாட்டிவிடுகிறார்கள், அல்லது பட்டினியோடு குளிசையைப் போடுகிறார்கள். இரண்டும் பிழை. ரமழான் வழிகாட்டல் சொல்லும் எல்லையையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்: இரத்தச் சீனி 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ விரதத்தை அந்த இடத்திலேயே முறிக்கவேண்டும். நடுக்கம், குளிர் வியர்வை, நெஞ்சு படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் மெஷின் தேடி நேரம் போக்காமல் மூன்று நாலு கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை. நினைவு தப்பினவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை எடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளர்கிற பிள்ளைகள், ஏற்கனவே மெலிந்திருப்பவர்கள், காரணம் தெரியாமல் மெலிந்துகொண்டு வரும் முதியவர்கள், சிறுநீரக நோயாளர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள் ஆகியோருக்கு இந்த அதிகாரம் எழுதப்படவில்லை. மூட்டில் யூரிக் அமில வாதம் உள்ளவர்களுக்கு நீண்ட பட்டினி வலியைக் கிளப்பும்.

இராச் சாப்பாட்டை முன்னுக்கு இழுத்தல்

முதல் இரண்டு கிழமைக்கு ஒரே ஒரு வேலை: இரவு ஏழுக்கு முடித்து, காலை ஏழுக்குத் தொடங்குதல். பன்னிரண்டு மணித்தியாலம். பதினாறு என்று முதல் நாளே பாய்பவர் நாலாம் நாள் கொத்துரொட்டிக் கடையில் நிற்பார்.

யாழ்ப்பாணத்தில் சூரியன் வருடம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் விழுந்துவிடும். நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் கோடையில் ஒன்பது பத்து மணிவரை வெளிச்சம். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரமே அடையாளம். விளக்கு வைத்து, தேவாரம் படித்து, சாப்பிட்டு எழும்பினால் ஏழு மணி.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் விட்டு எரித்த விளக்கு அணையுமுன் குடாநாடு முழுக்கச் சாப்பிட்டுப் படுத்தது. அதை ஆரோக்கியமான காலம் என்று சிலர் இப்போது பெருமூச்சு விடுவதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வந்த பசிக்கும் தானாக எடுத்த விரதத்துக்கும் உறவில்லை. ஆனால் மாலைக்குள் அடுப்பை அணைத்துப் படுக்க இந்த ஊரால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்றைய வீட்டில் தடையாக இருப்பவை இரண்டு: பிள்ளைகளின் ரியூசனும், தொலைக்காட்சி நாடகமும். ரியூசன் முடிந்து பிள்ளை எட்டு மணிக்கு வருமென்றால் தாய் அதுவரை காத்திருந்து, பிள்ளையோடு சாப்பிட்டு, பிள்ளை மிச்சம் விட்டதையும் சாப்பிட்டு முடிக்கும்போது ஒன்பதாகும். பிள்ளைக்கு நேர விரதம் தேவையில்லை. பெரியவர்கள் ஏழுக்குச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தில் கதைத்துக்கொண்டு இருங்கள். "அம்மா, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று பிள்ளை கேட்கும். அங்கேதான் பலரின் வேலியில் முதல் பொட்டு விழுகிறது.

ஏழு மணிச் சாப்பாடு என்ன என்பதும் முக்கியம். இடியப்பமும் சொதியும் இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கும், ஏனென்றால் அதில் மாவும் பாலும் தவிர ஒன்றுமில்லை. அதே இடியப்பத்தைப் பாதியாக்கி, ஓர் அவித்த முட்டையோ மீன் குழம்போ, மரக்கறி நாளென்றால் கெட்டிப் பருப்போ பயறோ, கூடவே ஒரு கீரைக்கறியும் வைத்தால் இரவு பத்து மணிக்குக் கை குசினிப்பக்கம் போகாது. பிட்டு விருப்பமென்றால் குரக்கன் பிட்டோ ஒடியல்மாப் பிட்டோ அவியுங்கள். வெள்ளை மாப் பிட்டைவிட நார் கூட.

மூன்றாம் கிழமையிலிருந்து, உடம்பு கேட்டால், காலைச் சாப்பாட்டை எட்டரை ஒன்பது மணிக்குத் தள்ளிப் பதினாலு மணித்தியாலம் ஆக்கலாம். கந்தோர் வேலைக்காரருக்கு இது இலகு, சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோனால் சரி. அதற்குமேல் போகவேண்டிய கட்டாயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு விடியப்புறம் தண்ணி இறைப்பவரிடம் ஒன்பது மணிவரை வெறும் வயிற்றோடு நில் என்று சொல்ல முடியாது. அவர் ஆறு மணிக்குச் சாப்பிட்டு, பின்னேரம் ஐந்தரை ஆறுக்கு முடிக்கட்டும். குருநகரிலோ மயிலிட்டியிலோ இரவு கடலுக்குப் போகிறவருக்கு இரவே பகல். கடலில் பட்டினி கிடப்பது ஆபத்து. அவர் கரைக்கு வந்து சாப்பிட்டபின் நித்திரை கொள்ளும் நேரத்தைச் சுற்றியே வேலியைப் போடவேண்டும். வைத்தியசாலையிலும் காவலிலும் இரவு முறை செய்பவர்களுக்கும் அதே வழிதான்.

தேத்தண்ணி

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் நாளுக்கு 35 கிராமளவு. சேர்க்கப்படும் சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாயாசத்துக்கும் பிஸ்கற்றுக்கும் முன்னரே தேத்தண்ணி மட்டும் அந்த 25ஐத் தாண்டிவிடுகிறது.

விரத நேரத்தில் அனுமதிக்கப்பட்டவை: தண்ணீர், சீனி போடாத வெறுந்தேத்தண்ணி, மல்லித்தண்ணி, வேர்க்கொம்பு அவித்த தண்ணி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பனங்கட்டியில் மணமும் கொஞ்சம் தாதுப்பும் உண்டு, மற்றும்படி அது சீனிதான். நேர விரதத்தை அது முறிக்கும். இளநீரும் அப்படியே. நல்ல பானம், சாப்பாட்டு நேரத்துக்குள் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதிலுள்ள பொட்டாசியத்துக்காக அதையும் கேட்டுத்தான் குடிக்கவேண்டும்.

சீனியை ஒரேயடியாக நிற்பாட்டுவோர் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் இறக்கினால் நாலு கிழமையில் நாக்கு பழகிவிடும். பால்தேத்தண்ணி இல்லாமல் வாழமுடியாதவர் அதைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கட்டும், விரத நேரத்துக்குள் மட்டும் கொண்டுபோகவேண்டாம்.

"விரதம் பிடிச்சா எனக்குத் தலையிடி, ஒத்துவராது" என்று சொல்பவர்களில் கணிசமானோரின் தலையிடி பசியால் வருவதில்லை. நாளுக்கு நாலைந்து தேத்தண்ணி குடித்த ஆள் திடீரென்று விட்டால், உடம்பு கஃபீனைத் தேடி முதல் இரண்டு நாளும் தலையைப் பிளக்கும். கந்தசட்டிக்கு ஒரு கிழமை முன்பே தேத்தண்ணியை ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தவருக்கு அந்த முதல் இரண்டு நாளும் பெரிய பாடாக இராது. தண்ணீர் குறைவும் தலையிடி தரும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே நிற்பவர் தேசிக்காய்ப் புளியும் ஒரு சிட்டிகை உப்பும் விட்ட தண்ணீரைக் கூடவே வைத்திருக்கவேண்டும். பிரஷர்காரர் உப்பைத் தவிர்க்கலாம்.

இங்கே ஒன்று கவனித்திருக்கிறேன். எங்கள் நீண்ட விரதங்களான கேதாரகௌரியும், கந்தசட்டியும், பிள்ளையார் பெருங்கதையும் புரட்டாசி தொடங்கி மார்கழி வரையில், மழை இறங்கி வெக்கை தணியும் காலத்தில் வருகின்றன. வெயில் காலத்தில் வரும் ஆடி அமாவாசையும் சித்திராபூரணையும் பங்குனித் திங்களும் ஒவ்வொரு நாளாகத்தான் வருகின்றன. யாரும் திட்டமிட்டு வைத்தார்களோ தெரியாது, வியர்க்கிற உடம்புக்கு இது வசதியான ஏற்பாடு.

கந்தசட்டி ஆறு நாள்

நேர விரதம் ஒன்று, ஆறு நாள் உபவாசம் முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் காப்புக்கட்டி, நல்லூரிலும் சந்நிதியிலும் மாவிட்டபுரத்திலும் ஆறு நாளும் இருப்பவர்களில், தண்ணீரோடு மட்டும் இருப்பவர், இளநீர் குடிப்பவர், பாலும் பழமும் எடுப்பவர், இரவில் ஒரு நேரம் சாப்பிடுபவர் என்று பல படி உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத உடம்புக்கு மறுபடி சாப்பாடு கொடுக்கும் நேரமே ஆபத்தான நேரம் என்று மருத்துவம் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகள் வயிறார உண்டபின் இறந்ததைப் பார்த்துத்தான் இது தெரியவந்தது. பட்டினியில் உடம்பின் பொசுபரசும் பொட்டாசியமும் மக்னீசியமும் உயிர்ச்சத்து பி1உம் வற்றியிருக்கும். திடீரென்று மாச்சத்து நிறையப் போனால் இன்சுலின் பாய்ந்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் தாதுக்களையும் கலங்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். நல்ல உடம்போடு ஆறு நாள் இருந்த பெரும்பாலானவர்களுக்கு இது நடப்பதில்லை. முன்பே மெலிந்தவர், மதுப் பழக்கம் இருந்தவர், நீர் போகும் குளிசை எடுப்பவர், வயதானவர் விடயத்தில் பயப்படவேண்டும்.

விரதம் முடிக்கும் பாறணை விடியப்புறம் நடக்கும். குசினியில் சாமம் தொடங்கியே ஆட்கள் நின்று பத்துப் பன்னிரண்டு கறியும் வடையும் பாயாசமும் ஆக்கிவிடுவார்கள். விரதகாரரை அதன்முன் இருத்தி, "ஆறு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை, வடிவா சாப்பிடுங்கோ" என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். அன்பில்தான் செய்கிறார்கள். அன்பைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள். முதலில் அரைக் கோப்பை நீர்மோரோ தண்ணியான கஞ்சியோ. ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு வாழைப்பழமும், குழைந்த சோறு ஓர் அகப்பையும், பருப்பும், கீரையும். பாயாசம் நாக்கில் படும் அளவு போதும். வடையும் பொரியலும் மத்தியானத்துக்கு மேல், அதுவும் ஒன்று. முழுச் சாப்பாட்டை அடுத்த நாளுக்கு வைத்தால் இன்னும் நல்லது. ஏகாதசி விரதகாரர் துவாதசிப் பாறணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் முன்வைத்த வழக்கத்தைக் கந்தசட்டிக்காரரும் கடன் வாங்கலாம்.

சூரன்போர் அன்று பின்னேரம் சனநெருக்கத்தில் நிற்கவேண்டாம். ஆறாம் நாள் உடம்பில் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். இருந்து எழும்பும்போது தூணைப் பிடித்து மெல்ல எழும்புங்கள், நிழலில் இருந்து பாருங்கள்.

சோனகத் தெருவில் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழமும் கஞ்சியும், தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் மச்சத்தை விட்டு ஒரு நேரம் குறைப்பதும் இதே பாடத்தின் வேறு வடிவங்கள். ரமழானில் பகலில் தண்ணீரும் இல்லை என்பதால் சஹரில் தண்ணீரையும் நார்ச்சத்தையும் கூட்டி, உப்பையும் பொரியலையும் குறைப்பது பயன் தரும்.

எதை அளப்பது

உற்சாகம் கூடும் என்று எல்லாரும் வாக்குத் தருகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் முதல் கிழமை எரிச்சலும் அலுப்பும்தான் கூடும். இரண்டாம் மூன்றாம் கிழமையில் பலருக்கு நெஞ்செரிவு குறைந்து நித்திரை நன்றாக வரத் தொடங்கும், வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு படுக்காததே காரணம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கதிரையில் விழுந்து தூங்குவது குறைகிறதா என்று கவனியுங்கள். குறையாவிட்டால் மத்தியானச் சோற்றின் உயரத்தைப் பாருங்கள். மொட்டைக்கறுப்பனோ வேறு சிவப்பரிசியோ, கோப்பையில் கால்பங்கு. அரைப்பங்கு மரக்கறியும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும். மிச்சம் மீனோ பருப்போ கடலையோ. மச்சம் சாப்பிடும் நாளில் ஒடியற்கூழ் ஒரு சட்டி காய்ச்சினால் மீனும் றாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கீரையும் ஒரே பாத்திரத்தில் வந்துவிடும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தராசைத் தினமும் மிதிக்கவேண்டாம். தொப்புள் மட்டத்தில் தையல் நாடாவைச் சுற்றி மாதத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். எங்கள் ஆட்களில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. எடை குறைந்து இடுப்பு குறையாவிட்டால் தசை போகிறது என்று சந்தேகியுங்கள். அப்படியென்றால் புரதத்தைக் கூட்டவேண்டும். நாற்பது தாண்டியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமளவு. மோட்டார்சைக்கிளை விட்டுச் சைக்கிளை எடுப்பதும், வாளியால் கிணற்றில் அள்ளுவதும், முற்றம் கூட்டுவதும் தசையை வைத்திருக்கும்.

எப்போது தொடங்குவது என்றால், நல்லூர்க் கொடியேற்றம் நல்ல நாள் போலத் தோன்றும்: 25 நாளும் வீட்டில் மச்சமில்லை, விடியப் பூசைக்கு எழும்புகிறோம், மனமும் அடங்கியிருக்கும். ஆனால் இரவுத் திருவிழா முடிந்து கோயில் வீதி ஐஸ்கிரீம் கடையில் குடும்பத்தோடு இருக்கும் நேரம் ஒன்பது ஒன்பதரை. பிள்ளைகளுக்காகப் போகாமலும் இருக்கமுடியாது. அந்தப் புழுதியெல்லாம் அடங்கி ஆவணி முடிந்தபின் ஒரு திங்கட்கிழமை தொடங்கினால், கந்தசட்டி வரும்போது தேத்தண்ணிச் சீனி முற்றாக இறங்கியிருக்கும். ஆறு நாளையும் எந்தப் படியில் பிடிப்பது என்று அப்போது உங்கள் உடம்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். தொடங்குமுன் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து கொப்பியில் ஒட்டுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும், 5.7க்குக் கீழ் சரி, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. மூன்று மாதம் கழித்து, மார்கழியில், அதே ஆய்வுகூடத்தில் இன்னொன்று. இலக்கம் அசையாமல் இருந்தால் மணித்தியாலத்தைப் பதினாறாகக் கூட்டவேண்டாம், கிளினிக்கில் வைத்தியரிடம் இரண்டு துண்டுகளையும் காட்டி அடுத்தது என்ன என்று கேளுங்கள்.